இருபத்திரண்டு அங்குல வரலாறு

எங்கள் குடியிருப்புக்கு வரலாறு கிடையாது என்பது முப்பத்தைந்து வருடமாக எங்களில் யாருக்கும் தெரியாமலே இருந்தது. தெரியாததால் ஒரு குறையும் இல்லை. தண்ணீர் வந்தது, குப்பை வண்டி வந்தது, சண்டை வந்தது. பெரிய சாலைக்கு அந்தப் பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள் தங்கள் தெருமுனையில் ஒரு கல்லை நட்டு, "வரலாற்றுச் சிறப்பு மிக்க பகுதி" என்று எழுதி வைத்த அன்றுதான் எங்கள் நிம்மதி போயிற்று.

அன்று மாலையே நலச் சங்கத்தின் அவசரக் கூட்டம். எங்கள் தலைவர் எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்தவர். முப்பது வருடம் கடைக்காரர்களின் தராசையும் அளவுகோலையும் சோதித்து முத்திரை குத்தினார். ஓய்வு பெற்ற பிறகு குத்துவதற்கு ஒன்றும் இல்லாமல் எங்களுக்குத் தலைவரானார்.

"நம்மகிட்ட என்ன இல்லை?" என்று தொடங்கினார். "தெருவிளக்கு இருக்கு. எரியலைன்னாலும் இருக்கு. பூங்கா இருக்கு. பூட்டி வெச்சிருக்கோம், ஆனா இருக்கு. வரலாறு மட்டும் இல்லை. இது யாரோட தப்புன்னு நான் கேட்க மாட்டேன். எனக்கு முன்னாடி இருந்த தலைவர்களோட தப்பு. இன்னும் மூணு மாசத்துல நமக்கு வரலாறு வந்தாகணும். எப்படி வருங்கறது எனக்குத் தெரியாது. வரணும்."

முப்பத்தைந்தாம் ஆண்டு வரலாற்று விழா எடுப்பது என்று தீர்மானம் ஆயிற்று. இருபத்தைந்தாம் ஆண்டு விழா, மேடையில் நடு நாற்காலியில் யார் உட்காருவது என்று முடிவாகாததால் நடக்கவே இல்லை. இந்த முறை முதல் தீர்மானமாக நடு நாற்காலியை ஒதுக்கிவிட்டுத்தான் மற்றதைப் பேசினார்கள். எல்லாவற்றுக்கும் நானும் கை தூக்கினேன். எதற்கு என்று பிறகுதான் பக்கத்தில் கேட்டுக்கொண்டேன்.

வரலாற்றுக் குழுவுக்கு அமைப்பாளர் ட்ரில் மாஸ்டர். பள்ளியில் வரலாற்று ஆசிரியர் வராத நாட்களில் அந்த வகுப்பைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான் என்பதால் போட்டியே இல்லாமல் தேர்வானார். மறுநாள் காலை கழுத்தில் விசிலோடு வரலாற்றைத் தேடிக் கிளம்பிவிட்டார்.

கதவு எண் ஒன்றிலிருந்து தொடங்கியது அவருடைய முறை. அது பென்சில்காரர் வீடு. அவர் மரவேலை செய்பவர். தூங்கும்போதுகூடக் காதில் பென்சில் இருக்கும் என்று அவர் மனைவியே சொல்வாள். எங்கள் குடியிருப்பில் முதலில் கட்டி முடித்த வீடு அதுதான், கட்டி முடித்தவரும் அவர்தான். ஆனால் ட்ரில் மாஸ்டர் போன சமயம் அவர் வீட்டில் இல்லை. மனைவி பேருந்துப் படியில் தவறி விழுந்து தொடை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவர் அங்கே இருந்தார். சாவி எதிர்வீட்டில் இருந்தது. வரலாறு காத்திருக்காது என்று சொல்லி மாஸ்டர் அதை வாங்கிக்கொண்டார்.

உள்ளே ஒரு கட்டில், இரண்டு அலமாரி, ஒரு தையல் இயந்திரம். இவற்றில் வரலாறு எதுவும் தட்டுப்படவில்லை. திரும்பும்போது கை கழுவலாம் என்று குளியலறைப் பக்கம் போனார் மாஸ்டர். தோள் இடித்தது. பின்வாங்கி, பக்கவாட்டில் திரும்பி நுழைந்தார். அப்போதுதான் அவருக்கு உடம்பு சிலிர்த்தது என்று பிறகு நடந்த எல்லாக் கூட்டங்களிலும் சொன்னார்.

அந்தக் கதவு நிலையின் உள் அகலம் வெறும் இருபத்திரண்டு அங்குலம். அது மட்டுமல்ல, நிலைக்கும் சுவருக்கும் நடுவே இரு பக்கமும் இரண்டிரண்டு அங்குலத்துக்குத் தனிப் பலகை அடித்திருந்தது. எந்த வீட்டிலும் அப்படி இல்லை. மாஸ்டர் ஓடிவந்து விசிலை ஊதினார்.

ஒரே வாரத்தில் துண்டறிக்கை வந்துவிட்டது. அந்தப் பலகைகளுக்கு "இரட்டைத் துணைநிலை" என்று பெயர். அதைச் செய்தவர் "அடையாளம் தெரியாத மாபெரும் கைவினைஞர்". நம் முன்னோடிகள் எளிமையும் அடக்கமும் உள்ளவர்கள், எதற்குள்ளும் நேராக நுழைய மாட்டார்கள், பக்கவாட்டில் பணிந்துதான் நுழைவார்கள். இதுவே "பக்கவாட்டுப் பண்பாடு". இதெல்லாம் கெட்டித் தாளில், இரண்டு வண்ணத்தில். படித்துவிட்டு எனக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

பென்சில்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு வேலையாக வீட்டுக்கு வந்தார். பத்து நாளில் மனைவியை அனுப்பிவிடுவார்கள். ஆறு மாதம் சக்கர நாற்காலிதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாற்காலியின் அகலம் இருபத்து நாலரை அங்குலம். குளியலறை நிலையைக் கழற்றி அகலமாக்கிவிட்டால் அவள் பாட்டுக்குத் தானே போய் வருவாள். அவருக்கு அது அரை நாள் வேலை.

வந்து பார்த்தால் குளியலறைக் கதவில் ஒரு பலகை தொங்குகிறது: "பாதுகாக்கப்பட்ட தொன்மைச் சின்னம். தொடாதீர்கள். நலச் சங்கம்."

அவர் பலகையைப் பார்த்தார். பிறகு கதவைத் தொடாமல் எப்படித் திறப்பது என்று கொஞ்ச நேரம் யோசித்தார். எழுதிப் போட்டதை மீறத் தெரியாத மனிதர். அதோடு சங்கத்தின் கையில்தான் தண்ணீர்த் தொட்டியின் திருகு இருக்கிறது. விதியை மீறினால் பதினைந்து நாள் தண்ணீர் நிறுத்தப்படும் என்பது எங்கள் சட்டத்தின் முதல் பக்கம். படுத்திருப்பவளை வீட்டுக்கு அழைத்து வரும் நேரத்தில் தண்ணீரோடு விளையாட முடியுமா? நேரே தலைவரிடம் போனார்.

"வாங்க வாங்க, சின்னத்தோட வீட்டுக்காரர்!" என்றார் தலைவர். "உங்களுக்குக் கிடைச்ச பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்?"

"தலைவரே, அந்த நிலையை நாலு அங்குலம் அகலப்படுத்தணும். வீட்டுல அவளுக்கு..."

"கேள்விப்பட்டேன். ரொம்ப வருத்தம். படிவம் இருக்கு." மேசை இழுப்பறையைத் திறந்தார். "சின்னத்துல மாற்றம் கோருவோர் படிவம். எல்லாம் பூர்த்தி பண்ணிட்டு, கீழே சின்னத்தைச் செஞ்சவரோட சம்மதக் கையெழுத்து வாங்கிட்டு வந்துடுங்க. அவ்வளவுதான், ரொம்ப சுலபம்."

பென்சில்காரருக்கு முகம் மலர்ந்தது. காதிலிருந்து பென்சிலை எடுத்துக் கீழே கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

"இது யாரு?"

"நான்தான். நான்தான் அதைச் செஞ்சேன்."

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவரை இரக்கத்தோடு பார்த்தார். "இங்க பாருங்க. செஞ்சவர் அடையாளம் தெரியாதவர்னு தீர்மானம் போட்டிருக்கு. நாப்பத்தேழு பேர் கை தூக்கியிருக்காங்க. இப்ப நீங்க வந்து தெரிஞ்சவர்னு சொன்னா, அந்த நாப்பத்தேழு பேரும் பொய்யா? துண்டறிக்கை ரெண்டாயிரம் அடிச்சாச்சு. நீங்க ஒருத்தர் தெரியறதுக்காக நாங்க ரெண்டாயிரத்தைக் கிழிக்க முடியுமா?"

"அப்ப யார்கிட்ட கையெழுத்து வாங்கறது?"

"அவர்கிட்டதான். கண்டுபிடிங்க. எங்க ஒத்துழைப்பு முழுசா உண்டு."

நாற்பத்தேழில் ஒரு கை என்னுடையது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

பத்தாம் நாள் மனைவி வந்தாள். அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது வருடம் இந்தத் தெருவுக்கே துணி தைத்தவள். அளவு எடுக்கும்போதே ஆளையும் எடைபோட்டுவிடுவாள். அவளுக்கு முன்னால் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்பது வீண். சக்கர நாற்காலியில் குளியலறை வாசல் வரை வந்து, பலகையைப் படித்து, கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னங்க இது?"

"சின்னமாம்."

"அப்ப நான்?"

அவர் கயிறு தேடப் போனார். கூடத்தின் மூலையில் கயிறு கட்டி ஒரு திரை போட்டார். ஆஸ்பத்திரியில் கொடுத்த மலஜலத் தட்டைத் திரைக்குப் பின்னால் வைத்தார். தூக்கிக்கொண்டு போகிறேன் என்றால் விடமாட்டேன் என்றாள். அவருக்கு இடுப்புப் பிடிப்பு வேறு. எதிர்வீட்டுப் பெண் வந்து உதவினாள். இரண்டாம் நாளிலிருந்து மனைவி தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டாள். காலையில் அரை டம்ளர், மாலையில் அரை டம்ளர். நாக்கு வறண்டு பேச்சே தேய்ந்துபோனது. டாக்டர் திட்டினார். அவள் சரி என்று தலையாட்டிவிட்டு அதே அரை டம்ளரோடு நிறுத்திக்கொண்டாள். பென்சில்காரர் பட்டறைக்குப் போய், யாரும் இல்லாத இடத்தில் அழுதார். ஒரு நிலையை அறுக்கத் தெரிந்தவனுக்கு அறுக்க உரிமை இல்லையே என்று ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரம் எனக்கு இதை எழுதும்போதும் வருகிறது.

இதற்கு நடுவில் ஞாயிற்றுக்கிழமைச் சுற்றுலா வேறு. காலை ஒன்பது மணிக்கு விசில் கேட்கும். மாஸ்டர் பதினைந்து இருபது பேரை வரிசையாக அழைத்து வருவார். "இடது தோள் முன்னால! வலது தோள் பின்னால! பணிவு! நுழை!" ஒவ்வொருவராகக் குளியலறைக்குள் பக்கவாட்டில் நுழைந்து, வாளியைப் பார்த்துவிட்டு, பக்கவாட்டில் வெளியே வருவார்கள். குண்டானவர்கள் வெளியே நின்று கைதட்டலாம் என்று சலுகை உண்டு.

மூன்றாவது ஞாயிறு திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"மாஸ்டர், நிலைக்கு ரெண்டு பக்கமும் அந்தப் பலகை எதுக்குன்னு நான் சொல்லட்டுமா?"

"சொல்லுங்கம்மா. முன்னோடிக் குடும்பத்தோட குரல்! எல்லாரும் கவனிங்க."

"எங்களுக்குக் கல்யாணமாகி மூணாவது மாசம். இவர்கிட்ட ஒரே ஒரு அளவு நாடாதான் இருந்துச்சு. அதுல முதல் நாலு அங்குலம் கிழிஞ்சு போயிருந்துச்சு. இவர் சுவரை அளந்து முப்பத்துநாலுன்னு கத்தினார். நான் நாலைக் கழிச்சு முப்பதுன்னு எழுதினேன். இவர் அந்தத் தாளை எடுத்துட்டுப் போய், அதுலேர்ந்து இன்னொரு நாலைக் கழிச்சு, வெளி அளவு இருபத்தாறுக்கு நிலையைச் செஞ்சு கொண்டாந்துட்டார். ரெண்டு பக்கச் சட்டமும் போக வழி இருபத்திரண்டுதான். மாட்டினா ரெண்டு பக்கமும் ஓட்டை. பலகையை வெச்சு அடைச்சார். இதான் உங்க வரலாறு."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டே சொன்னார்: "பார்த்தீங்களா? ஒரு பெரிய சின்னம்னா அதைச் சுத்தி இப்படித்தான் கட்டுக்கதை கிளம்பும். எளிய மக்களோட கற்பனை வளம்! இதையும் விழா மலர்ல சேர்த்துடறேன்மா."

"தப்பு நீதான் பண்ணினே, நாலைக் கழிச்சுட்டதை என்கிட்ட சொல்லியிருக்கணும்" என்றார் பென்சில்காரர். முப்பத்தைந்து வருடமாக அவர் கட்சி அதுதான்.

"நீங்க கேட்டிருக்கணும்" என்றாள் அவள். அது அவள் கட்சி.

விஷயம் சங்கத்தின் மனிதாபிமானப் பிரிவுக்குப் போனது. அப்படி ஒரு பிரிவு இருப்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. தலைவர் அதற்கும் தலைவர். அம்மையாரின் சிரமத்தைப் பரிவோடு பரிசீலித்து இரண்டு மணி நேரம் விவாதித்தார்கள். முடிவில் தலைவர் எழுந்தார்.

"நான் எடை அளவுத் துறையில இருந்தவன். ரெண்டு பொருள் ஒண்ணோட ஒண்ணு பொருந்தலைன்னா எதைக் குறைக்கணும்னு எனக்குத் தெரியும். நிலைக்கு வரலாறு இருக்கு. நாற்காலிக்கு இருக்கா? இல்லை. போன மாசம் வாங்கினது. ஆகவே நாற்காலியை ரெண்டரை அங்குலம் குறுக்கிக்கொள்ள சங்கம் பெருந்தன்மையோடு அனுமதிக்கிறது. அதுக்குப் படிவமே தேவையில்லை!"

பலத்த கைதட்டல். பென்சில்காரர் மெதுவாகக் கேட்டார்: "தலைவரே, நாற்காலியைக் குறுக்கினா அவ எப்படி அதுல உட்காருவா?"

"பக்கவாட்டில" என்றார் மாஸ்டர்.

விழா நெருங்கியது. வரவேற்புரைக்கும் தலைமையுரைக்கும் நடுவில் ஏதாவது கண்ணுக்கு விருந்தாக இருக்க வேண்டும் என்று தலைவர் நினைத்தார். மாஸ்டருக்கு யோசனை பிறந்தது. அந்த அடையாளம் தெரியாத கைவினைஞர் அன்று எப்படி நிலையைக் கோத்து மாட்டினாரோ, அதை மக்கள் முன்னால் செய்து காட்டினால்? கழற்றி மறுபடி மாட்டுவது. செய்முறை விளக்கம். ஆனால் அவராக யார் நடிப்பது? மரவேலை தெரிந்த ஆள் வேண்டுமே.

நேரே பென்சில்காரரிடம் வந்தார். "அண்ணே, உங்களைத்தான் நம்பியிருக்கோம். நீங்கதான் அவரா நடிக்கணும்."

"யாரா?"

"அடையாளம் தெரியாதவரா. மேடையில பேர் சொல்ல மாட்டோம், சொன்னா அடையாளம் தெரிஞ்சிடும். ஒரு பழைய சட்டை போட்டுக்கிட்டா போதும். காதுல அந்தப் பென்சில் மட்டும் வேண்டாம், நம்பற மாதிரி இல்லை."

தன் வேஷத்தைத் தானே போட பென்சில்காரருக்கு இஷ்டமில்லை. வாயைத் திறந்தார். அதற்குள் திரைக்குப் பின்னாலிருந்து, "செய்வார் மாஸ்டர்" என்று குரல் வந்தது.

மாஸ்டர் போனதும் அவர் திரையை விலக்கினார். "என்னம்மா நீ? கோமாளி வேஷம் கட்டச் சொல்றியா?"

"முப்பத்தஞ்சு வருஷம் முன்னாடி செய்ய நினைச்சதைச் செஞ்சு காட்டுங்கன்னுதானே கேட்கறாங்க? நீங்க செய்ய நினைச்சது இருபத்தாறா, முப்பதா?"

"முப்பது."

"அப்ப முப்பதையே செஞ்சு காட்டுங்க. இந்த முறை தாள்ல நானே எழுதறேன். நீங்க எதையும் கழிக்காதீங்க."

அவர் பென்சிலை எடுத்து அவளிடம் கொடுத்தார். பிறகு பட்டறைக்குப் போனார். கிடங்கில் கிடந்த பழைய மரத்தில் முப்பது அங்குலத்துக்குப் புதிய நிலையும், சட்டம் போக மிஞ்சும் இருபத்தாறு அங்குல வழிக்குக் கதவும் செய்தார். கொஞ்சம் புகைக்கரியும் தேயிலைத் தண்ணீரும் தடவித் தேய்த்ததில் அதுவும் வயதானதாகத் தெரிந்தது. அதைச் சின்னம் இருக்கும் வீட்டுக்குள் கொண்டுபோக ஒரு படிவம் எழுதினார்: "விழாத் தேவைக்கு: மரச்சட்டம் மூன்று, கதவு ஒன்று, ஆணி." மேலே விழா என்று இருந்ததால் தலைவர் படிக்காமல் ஒரே நிமிடத்தில் முத்திரை குத்திவிட்டார்.

விழா அன்று தெரு முழுக்க நாற்காலிகள். மேடை எண் ஒன்று வீட்டு வாசலுக்கு எதிரில். நடு நாற்காலியில் தலைவர். செய்முறை விளக்கத்தைப் பார்க்க நாங்கள் எல்லோரும் வீட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். அடையாளம் தெரியாதவர் பழைய சட்டையில் உள்ளே போனார். அப்போது தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்து, "இடையில் ஒரு வார்த்தை" என்றார். எல்லோரும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டோம்.

அந்த ஒரு வார்த்தை ஒரு மணி நாற்பது நிமிடம். உள்ளிருந்து தட்டும் சத்தமும் ரம்பம் ஓடும் சத்தமும் கேட்டது. "கேளுங்கள்! வரலாறு தட்டுகிறது!" என்று இரண்டு முறை சொன்னார். நிலையின் மகிமையை விவரித்தார். அதில் ஒரு மயிரிழைகூட மாற அனுமதிக்காத தன் உறுதியை விவரித்தார். நாங்கள் நிலையைப் பற்றிய பேச்சைக் கேட்டோமே தவிர, நிலையை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பின் வாசல் வழியாக இரண்டு பழைய பலகைகளும் ஒரு குறுகிய நிலையும் பக்கத்துச் சந்துக்குப் போனதை, ஓரத்தில் இருந்த நான் மட்டும் பார்த்தேன். இந்த முறை கையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

"முடிஞ்சுது" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

தலைவர் சான்றளிக்க உள்ளே போனார். பின்னால் மாஸ்டர், அதற்குப் பின்னால் முண்டியடித்துக்கொண்டு நாங்கள். தலைவர் தன் உத்தியோக காலத்து இரும்புக்கோலை எடுத்து அளந்தார். ஒரு முறை அளந்தார். திருப்பிப் போட்டு அளந்தார். பென்சில்காரரின் மனைவி நாற்காலியின் சக்கரத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இருபத்தாறு" என்றார் தலைவர்.

"துண்டறிக்கையில இருபத்திரண்டுன்னு இருக்கே!" என்றார் மாஸ்டர். அவர் குரல் உடைந்துவிட்டது.

தலைவர் எங்களைப் பார்த்தார். நாற்பத்தேழு பேர். அச்சடித்த தாள் இரண்டாயிரம். மயிரிழை பற்றிய பேச்சு முடிந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"முப்பது வருஷம் அளவுத் துறையில இருந்தவன் சொல்றேன்" என்றார் கடைசியில். "அளவு சரியாத்தான் இருக்கு. அந்தக் காலத்து அங்குலம் பெருசு. அந்தக் கால இருபத்திரண்டு, இந்தக் கால இருபத்தாறு. இதுவும் நமக்குப் புதுசாக் கிடைச்ச ஒரு வரலாற்று உண்மை!"

மாஸ்டர் விசில் ஊதினார். கைதட்டல் கூரையைப் பிளந்தது. அந்தக் காலத்தில் மனிதர்களும் பெரிய மனது உள்ளவர்கள் என்று பின்னாலிருந்து ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கொஞ்சம் வழி விடுங்க" என்றாள் பென்சில்காரர் மனைவி.

யாரும் தள்ளவில்லை. அவளே இரண்டு சக்கரத்தையும் உருட்டிக்கொண்டு வந்தாள். கூட்டம் விலகியது. நேராக, தோளைத் திருப்பாமல், யாருக்கும் பணியாமல், அந்த நிலைக்குள் நுழைந்தாள். இரு பக்கமும் முக்கால் முக்கால் அங்குலம் மிச்சம் இருந்தது. "பக்கவாட்டுல, அம்மா, பக்கவாட்டுல!" என்று மாஸ்டர் பதறினார். அவள் கையை நீட்டிக் கதவை எங்கள் முகத்துக்கு நேராகச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

தலைவர் மூடிய கதவைப் பார்த்து உரையைத் தொடர்ந்தார். பென்சில்காரர் அதைக் கேட்கவில்லை. சமையலறைக்குப் போனார். பெரிய சொம்பு நிறையத் தண்ணீர் மொண்டு வந்து, அவள் வெளியே வருவதற்காகக் கதவருகில் நின்றார்.